ராதாரிச் சீட்டுக்கு ஒரு விண்ணப்பம்

நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. வரைதான். அதில் இங்கிலீஷில் மட்டும் நல்ல மார்க். அதை வைத்துக்கொண்டு யுத்த காலத்தில் மதுரை காஜிமார் தெருவில், ஒரு தொப்பிக் கடையின் மாடியில் டியூஷன் நடத்தினேன். ஒரு தடவை தவறி, பிரைவேட்டாக மறுபடி பரீட்சை எழுதப்போகிற பதினோரு பேர் வந்தார்கள். நாலு பேர் முகத்தை நேராகப் பார்த்துப் பேச எனக்கு வராது. பாதிப் பாடம் கரும்பலகையைப் பார்த்தபடிதான் நடக்கும்.

பதினோரு பேரும் ஒரே தரமில்லை. கடைக்காரர் மகன் இங்கிலீஷ் பத்திரிகையைத் தட்டுத் தடங்கலில்லாமல் வாசிப்பான். கடைசி வரிசை மூன்று பேருக்கு ஒரு வாக்கியம் முழுசாக எழுத வராது. முன்வரிசைக்கு ஏற்றபடி நடத்தினால் பின்வரிசை பயந்துபோகும். பின்வரிசைக்காக நின்றால் முன்வரிசை கொட்டாவி விடும். அதனால் ஒரே கடிதத்தை மூன்று அளவில் எழுதச் சொல்வேன். முன்னால் இருப்பவர்களுக்கு ஒரு பக்கம், நடுவில் அரைப் பக்கம், பின்னால் மூன்றே வரி: நான் யார், எனக்கு என்ன வேண்டும், ஏன் வேண்டும்.

பின்வரிசையில் ஒருவன் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து வந்தான். இருபது வயது. மானாவாரிச் சோளம் போடுகிற குடும்பம். அந்தப் பக்கத்து ஊர்களில் அப்போது ரேகைச் சட்டம் இருந்தது. தப்புச் செய்தானா இல்லையா என்ற பேச்சே கிடையாது. அவன் சாதியில் பிறந்த ஆண்பிள்ளை வயது வந்ததும் கைரேகை பதிய வேண்டும். இரவானால் போலீஸ் கொட்டகையில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூரில் தங்குவதென்றால் ஸ்டேஷனில் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டில்லாமல் பிடிபட்டால் ஜெயில். பரீட்சையில் பாஸாகி உத்தியோகம் கிடைத்தால் பதிவிலிருந்து பெயரை எடுக்க மனுப் போடலாம் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் படித்தான்.

பரீட்சை திங்கட்கிழமை தொடங்கி ஐந்து நாள், காலை பத்து மணிக்கு. பெட்ரோல் பஞ்சத்தால் கரிப்புகையில் ஓடிய உசிலம்பட்டி பஸ் சில நாள் பத்தரைக்கு வரும். சில நாள் செக்கானூரணியிலேயே நின்றுவிடும். அந்த ஐந்து நாளும் மாடியில் தங்கிக்கொள்ளக் கடைக்காரர் சம்மதித்தார். சீட்டுக்கு மட்டும் ஸ்டேஷனில் மனுக் கொடுக்க வேண்டும்.

"அந்த மனுவையே இன்னிக்குப் பாடமா வச்சிருங்க சார்" என்றான் கடைக்காரர் மகன்.

நல்ல யோசனையாகப் பட்டது. எல்லோரும் எழுதினார்கள். கிராமத்துப் பையனின் மூன்று வரியில் ஒரு பிழைகூட இல்லை. ஆனால் கடைக்காரர் மகன் எழுதிய ஒரு பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. பணிவும் வணக்கமும் கருணையும் அடுக்கடுக்காக வந்த இங்கிலீஷ். எனக்கே அப்படி எழுத வராது. இதைப் படிக்கிற அதிகாரி மரியாதை கொடுக்காமல் இருப்பாரா? அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போகச் சொன்னேன்.

"ஐயா, எனக்கு என்னோடதே போதும். அதுல என்ன இருக்குன்னாச்சும் எனக்குத் தெரியும்."

"மாப்ள, உன் மூணு வரிய அவரு வெத்தல மடிக்கத்தான் வச்சுக்கிருவாரு" என்றான் கடைக்காரர் மகன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிராமத்துப் பையன் அந்த ஒரு பக்கத்தையே பார்த்து எழுதிக்கொண்டு போனான்.

வியாழக்கிழமை வந்தபோது அவன் உட்காரவில்லை.

"ஸ்டேஷன்ல சப் இன்ஸ்பெக்டரு ஒரு வரியக் காட்டி, இதுக்கு என்னடா அர்த்தம்னு கேட்டாருய்யா. முழிச்சேன். கையி உன்னுது, சரக்கு எவனுது, எம்புட்டு நாளா இந்த வேசம்னாரு. எழுதிக் குடுத்தவரு நேர்ல வந்து சொன்னாத்தான் சீட்டாம். ஒரு எட்டு வந்துட்டுப் போங்கய்யா."

"வாரேன். நாளைக்கே வாரேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். பஸ்ஸின் பின்னால் இருந்த கரி அடுப்புக்குக் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். நீ என்ன படித்தவன், வாத்தியார் வேலைக்கு உனக்கு என்ன யோக்கியதை என்று அந்த சப் இன்ஸ்பெக்டர் கேட்பதாகவே மனதில் ஓடியது. பதிலை இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே தடுக்கியது. பஸ் புறப்பட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சனிக்கிழமை வீட்டைவிட்டு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் கேட்டார்: "என்ன தம்பி, போனீங்களா?"

"போனேன் பாய். சப் இன்ஸ்பெக்டர் வெளியூர் கேம்ப் போயிருக்கிறாராம்."

அன்று சாயங்காலம் அவன் துணி மூட்டையோடு வந்து சேர்ந்தான். சீட்டு இல்லை. நான் சொன்ன பொய் அதற்குள் அவன் காதுக்கும் போயிருந்தது. "நீங்களும் அலைஞ்சிருக்கீக. அஞ்சு நாள்தானய்யா, ஆனது ஆகட்டும்" என்றான். திரும்பிப் போ என்று நான் சொல்லவில்லை. நிஜத்தையும் சொல்லவில்லை.

மறுநாள் முதல் பரீட்சை இங்கிலீஷ். பள்ளிக்கூட வாசல்வரை நானும் போயிருந்தேன். மணியடித்து எல்லோரும் உள்ளே போனபின், எதிரே இருந்த பாலத்துச் சுவரில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். வேர்க்கடலை உரித்துத் தின்றார்கள். அவசரமே இல்லை. அதில் மூத்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"சார், இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வாசல் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்" என்றேன்.

"நல்லது" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த கடலையில் எனக்கும் கொஞ்சம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். ஒரு மணிவரை அங்கேயே நின்றேன். கடலை கையிலேயே நசுங்கிப்போயிற்று. அவன் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டு வெளியே வந்தான். மூத்தவர் எழுந்து வேட்டியைத் தட்டிவிடுவதுபோல் கால்சட்டையைத் தட்டிக்கொண்டு போய், அவன் தோளில் கை வைத்தார். சத்தம் எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் உசிலம்பட்டிக்குப் போனேன். ஸ்டேஷனில் என் படிப்பை யாரும் விசாரிக்கவில்லை. பரீட்சை எழுதுகிறவன்தான், மனுவை நான்தான் எழுதிக்கொள்ளச் சொன்னேன் என்று தமிழில் சொன்னேன். ஏட்டு பத்தே நிமிஷத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

"இம்புட்டுத்தான் சங்கதியா? இதச் சனிக்கிழமை வந்து சொல்லியிருந்தா சீட்டக் குடுத்து அனுப்பியிருப்போம்ல? இப்பக் கேஸ் எழுதியாச்சே சார். இனிமே கோர்ட்டுலதான் பேசணும்."

அவன் தாழ்வாரத்துத் தூணோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"கணக்குப் பரீட்சை ஆரம்பிச்சிருக்குமாய்யா?"

பதினொன்று தாண்டியிருந்தது.

"இன்னும் இல்லப்பா" என்றேன்.