தொண்ணூறு பர்சன்ட்

மர்பி டவுனில் லாப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ரெமிஜியஸ் ஒன்றும் கெட்டவன் இல்லை. முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்ல அவனுக்கு வாய் வராது, அவ்வளவுதான். அந்த வாயை வைத்துக்கொண்டு அவன் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

கோயில் பாட்டுக்குழு நடத்திய மதலைமுத்துவின் லாப்டாப்பில் இருப்பதற்கெல்லாம் பூட்டுப் போட்டுக் கொடுத்தவன் இவன்தான். "திருடன் கையில கிடைச்சாலும் திறக்க முடியாது அங்கிள்" என்று பெருமை வேறு. அவசரத்துக்குத் திறக்க நாற்பத்தெட்டு இலக்க எண் ஒன்று உண்டு. அதைச் சீட்டில் எழுதி, லாப்டாப்பின் அடியிலேயே டேப் போட்டு ஒட்டினான். பூட்டிலேயே சாவியைத் தொங்கவிட்ட புத்திசாலி.

மதலைமுத்து இறந்துபோன பிறகு லாப்டாப்பும் படுத்துவிட்டது. அவர் மனைவி டோரீன் தூக்கிக்கொண்டு வந்தாள். அவர் பாடிப் பதிந்ததெல்லாம் அதில்தான். வருஷப் பூசையன்று குடும்பமே உட்கார்ந்து கேட்க வேண்டும். ரெமிஜியஸ் உள்ளே போர்டை மாற்றினான். விரிசல் விட்ட அடிமூடியையும் மாற்றி, பழையதைச் சீட்டோடு, பழைய சாமான் வாங்கும் குஜிரிக்காரனிடம் எடைக்குப் போட்டுவிட்டான். போர்டு புதுசு என்றதும் பூட்டு அந்த எண்ணைக் கேட்டது. குஜிரிக் கடைக்கு ஓடினான், லோடு போயிருந்தது.

"மெஷின் ஒவ்வொரு நம்பரா போட்டுப் பாக்குது ஆண்ட்டி" என்றான் டோரீனிடம். பொய்யில்லை, ஓடத்தான் செய்தது. ஆனால் உலகத்துக் கம்ப்யூட்டரையெல்லாம் சேர்த்து ஓடவிட்டாலும் சூரியன் அணைவதற்குள் கிடைக்காது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஞாயிறுதோறும் பூசை முடிந்து டோரீன் வருவாள். "எவ்வளவு ஆச்சு ரெமி?" "முப்பது பர்சன்ட் ஆண்ட்டி." அப்புறம் ஐம்பது. போன வாரம் தொண்ணூறு. வரும்போதெல்லாம் கேக் கொண்டுவருவாள். அதையும் அவள் முன்னால் தின்றுகாட்டுவான். வெட்கங்கெட்ட பிழைப்பு.

இந்த ஞாயிறு அவள் கையில் கேக் இல்லை, புது ஸ்பீக்கர் பெட்டி இருந்தது. "வெள்ளிக்கிழமை வருஷப் பூசை. கோலார்லேர்ந்து அவர் தங்கச்சியெல்லாம் வராங்க. நல்லா கேக்கட்டும்னு வாங்கிட்டேன்."

ரெமிஜியஸால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று, சீட்டு, அடிமூடி, குஜிரி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

"அப்ப தொண்ணூறுன்னியே?"

"அது நானா சொன்னது ஆண்ட்டி."

ஓடிக்கொண்டிருந்த மெஷினை டோரீன் திரும்பிப் பார்த்தாள்.

"முதல் நாளே சொல்லியிருந்தா அன்னைக்கே அழுது முடிச்சிருப்பேன் ரெமி. ஆறு வாரமா அவர் வந்துட்டிருக்கார்னு நெனச்சிட்டிருந்தேன்."

ஸ்பீக்கரை அவன் மேசைமேல் வைத்தாள்.

"பில்லு பெட்டிக்குள்ளதான் இருக்கு. நீயே போய்த் திருப்பிக் குடுத்துடு."