வெளுக்கும் கண்ணாடி

லிஃப்ட் பழுதுபார்க்கும் ரத்னவேலுக்கு ஞாயிறு ஒன்றுதான் விடுமுறை. அன்றைக்காவது பிள்ளைகளை விலங்கியல் தோட்டத்துக்கோ கடற்கரைக்கோ கூட்டிப்போகலாம் என்று தொப்பி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் எடுத்து வைப்பார். ஐந்து வயது ரக்ஷனாவும் மூன்று வயது ரஞ்சனும் ஒரே குரலில் கேட்பது "எல்ஆர்டி!"

"தினமும் ஏறுற வண்டி லா அது! அதுல என்ன இருக்கு?" என்று கத்துவார். கத்திவிட்டு அதற்கே கூட்டிப்போவார்.

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் எல்ஆர்டி என்னும் அந்தச் சின்ன ரயில் அடுக்குமாடி வீடுகளை ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றி, ஏறிய இடத்துக்கே திரும்பி வரும். பயணிகள் வீடுகளுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாதென்று, கட்டடம் நெருங்கும்போது ஜன்னல் கண்ணாடி தானாக வெளுத்துவிடும். இவர்கள் வீடும் தண்டவாளத்தை ஒட்டியதுதான். ரயில் வரும்போது சமையலறை ஜன்னலில் அம்மா வித்யா நிற்கவேண்டும் என்பது பிள்ளைகளின் ஏற்பாடு. சரியாக அந்த இடத்தில் கண்ணாடி பால்போல் ஆகிவிடும். அந்த வெள்ளையைப் பார்த்தே இருவரும் கை ஆட்டுவார்கள்.

"ஒண்ணும் தெரியாது, உட்காருங்க," என்பார் ரத்னவேல்.

ஒரு ஞாயிறு வீடு திரும்பியதும் ரக்ஷனா கேட்டாள்: "அம்மா, எங்களப் பாத்தீங்களா?"

வெளியிலிருந்தும் ஒன்றும் தெரியாது என்று சொல்ல ரத்னவேல் வாயெடுத்தார். வித்யா முந்திக்கொண்டார்.

"பாத்தேனே! தம்பி ரெண்டு கையையும் ஆட்டுனான். உங்க அப்பாதான் ஆட்டவே இல்ல."

அடுத்த ஞாயிறு கண்ணாடி வெளுத்ததும் முதலில் எழுந்த கை ரத்னவேலுடையது.