கரண்ட் போன காலை

வாலாஜாபாத் ரோட்டுச் சாமந்தித் தோட்டத்தில் வேலை பார்த்தபோது நான் மானுக்குப் பயந்தேன், பனிக்குப் பயந்தேன். கடைசியில் வேலிக் கம்பிக்குத்தான் அதிகம் பயந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. முதலாளிக்குச் சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை. தோட்டத்துப் பூவை அவர் விற்கமாட்டார், எல்லாம் பெருமாளுக்கு.

அந்த வருஷம் ஆற்றங்கரைப் புதரிலிருந்து புள்ளிமான்கள் வர ஆரம்பித்தன. முள்வேலியைத் தாண்டிக் குதித்து, மொட்டாகப் பார்த்துக் கடித்தன. சாயப்பட்டறைக் கழிவு நூலை வேலியில் கட்டித் தொங்கவிட்டேன். கொஞ்ச நாள் மிரண்டன. அப்புறம் நூலையும் மென்றுவிட்டுப் போயின.

"சுத்தி கம்பி இழுத்து கரண்ட் குடுத்துடலாம், ஏகாம்பரம்," என்றார் முதலாளி.

"வாணாம் முதலாளி. யாராச்சும் தெரியாம தொட்டுட்டா?"

"நம்ம தோட்டத்துக்கு எவன்பா வரப்போறான்? சும்மா பயந்துக்கினு கெடக்காதே."

சொன்னபடி செய்தார். மோட்டார் லைனிலிருந்து கம்பிக்குத் தனி சுவிட்ச் வைத்து, வாசல் படலுக்கு வெளியே மரப்பெட்டியில் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். என்னிடம் கொடுத்தால் பயத்தில் ஆஃப் பண்ணிவிடுவேனாம். நிச்சயமாகப் பண்ணியிருப்பேன்! முதல் வாரமே ஒரு நாய் கம்பியோரம் விறைத்துக் கிடந்தது. அதைப் புதைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

விடியற்காலையில் முதலாளியே வந்து சுவிட்சை அணைத்துவிட்டுப் பூப்பறிப்பார். குளித்து, ஈர வேட்டியோடு, வெறுங்காலோடு வருவார். பூஜை முடியும் வரை வாய் பேசமாட்டார், ஒருவரையும் தொடமாட்டார். மடி. நான் எதிரே வந்தாலே நாலடி ஒதுங்கி நிற்பார்.

கார்த்திகையிலேயே பனி கொட்ட ஆரம்பித்தது. வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துக் கழுவாவிட்டால் மொட்டு கருகிப்போகும். ஒருநாள் விடியலில் மோட்டாரைப் போடப் போனால் கரண்ட் இல்லை. வேறு வழியின்றி ஈர வைக்கோலைக் கொளுத்திப் பாத்திகளுக்குப் புகைமூட்டம் போட்டேன். பனியும் புகையும் கலந்து கைக்கெட்டும் தூரம்கூடத் தெரியவில்லை.

அப்போது படல் கிறீச்சிட்டது. முதலாளி.

மரப்பெட்டி திறக்கும் சத்தம் வரவில்லை. கரண்ட்தான் இல்லையே, எதற்கு அணைப்பது என்று விட்டுவிட்டார். சுவிட்ச் ஆனிலேயே இருக்கிறது. கரண்ட் எந்த நிமிஷமும் திரும்பி வரலாம்.

"முதலாளி! கம்பியைத் தொடாதீங்க! பொட்டியை அணைங்க!"

பூஜைக்கு முன் பேசமாட்டாரே. புகைக்குள் கண் எரிய ஓடினேன். படலுக்குக் குறுக்கே போன கம்பியை ஈரக் கையால் பிடித்துக் கொக்கியிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், தொட்டுவிடாதே என்று மறு கையால் சைகை காட்டினார். ஒரு கணம் தயங்கினேன். பிறகு கம்பிக்கு மேலாகக் கை நீட்டி அவர் மார்பில் ஓங்கித் தள்ளினேன். மல்லாக்க விழுந்தார்.

"மடியா வந்துக்கினு இருக்கேன், தொட்டுட்டியேடா பாவி!"

அவர் வாயை மூடுவதற்குள் மோட்டார் ரூம் பல்ப் எரிந்தது. பாதி கழன்று ஈரப் புல்லில் கிடந்த கம்பி சிர்ர் என்று பொறி விட்டது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அரைஞாணிலிருந்த சாவியை அவிழ்க்கப் பார்த்தார். ஈரத்தில் இறுகிய முடிச்சு அவிழவில்லை. "நீயே அவுருப்பா," என்றார். கம்பியைத் தாண்டிப் போய்த் தொட்டு அவிழ்த்தேன். பெட்டியைத் திறந்து அணைத்தேன்.

அன்றே கம்பியைச் சுருட்டிவிட்டோம். மான்கள் மறுபடி வந்தன. மேய்ந்தது போக மிஞ்சிய பூவை முதலாளி முணுமுணுக்காமல் பறித்துப் போனார்.

இப்போது மோட்டார் வேலைக்கு வரும் பிள்ளைகள் கரண்ட் போனால் கம்பியைச் சும்மா பிடித்து இழுக்கிறார்கள். கரண்ட் ஓடும் கம்பியிடம் எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறார்கள், தம்பிகளே. கரண்ட் போனதும் பயப்படுங்கள். முதலில் சுவிட்சை அணையுங்கள்.