வரிக்காரி

என் கணவரின் கருமாதி முடிந்த மறுநாள் காலையில் ஊர்ப் பஞ்சாயத்தார் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த நான் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

“டீச்சர், ஒங்க வூட்டு வரிய எடுத்தாச்சு. இனிமே நீங்க கட்ட வேணாம்” என்றார் மூத்தவர். உதவி செய்கிற குரலில்தான் சொன்னார். “சரிங்க” என்றேன். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாமென்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

காரைக்கால் கடற்கரையில் எங்களுடையது மீனவர் ஊர். சட்டமன்றத் தேர்தல், நாடாளுமன்றத் தேர்தல் எல்லாம் எங்களுக்கும் உண்டு. ஆனால் எந்த வலை போடலாம், எந்த நாளில் கடலுக்குப் போகக் கூடாது, மீனை எங்கே ஏலம் விடுவது என்பதையெல்லாம் முடிவு செய்வது ஊர்க்கூட்டம். கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஊருக்கு வரி கட்டுவார். வரிக்காரர்தான் கூட்டத்தில் உட்காரலாம், பேசலாம், கை தூக்கலாம். அவர் இறந்துபோனால் வரி போய்விடும். வரி போனால் அந்த வீடு ஊர்க்கணக்கில் இல்லை.

என் நாத்தனார் அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கணவருக்கு மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவர் வீடு அடுத்த தெருவில்தான் என்றாலும், தம்பி போன நாளிலிருந்து என்னோடுதான் தங்கியிருந்தார்.

“சரின்னு சொல்லிட்டியா புள்ள?”

“வேற என்ன சொல்றது அண்ணி?”

“நீ இந்த ஊருல இல்லன்னு சொல்லிட்டுப் போறானுவ. நீ டீ போடவான்னு கேக்குற.”

அவர் சொன்னது காதில் விழுந்தது. உள்ளே எங்கும் போய்ப் படவில்லை. அப்போது எதுவுமே படவில்லை. என் கணவர் வலை இழுக்கும்போது படகிலிருந்து தவறி விழுந்தார். அன்று கடல்கூட அமைதியாகத்தான் இருந்ததாம். உடல் தெற்கே ஒதுங்கியது. சட்டையைப் பார்த்து, ஆமாம், அவருடையதுதான் என்று சொன்னேன். பிறகு எல்லோரும் நான் உடைந்து அழுவேன் என்று காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன்.

விடுப்பு முடிந்ததும் பள்ளிக்கூடம் போனேன். நெடுங்காட்டில் சமூக அறிவியல் ஆசிரியை வேலை. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல்கள். பச்சை என்று தெரியும், அவ்வளவுதான்.

ஒன்பதாம் வகுப்பில் பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தின் கடைசியில் அடிமை முறை ஒழிந்ததும் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்ததும் வரும். புத்தகத்தில் இல்லாத இரண்டு விஷயங்களை ஒவ்வொரு வருடமும் சேர்த்துச் சொல்வேன். ஒன்று, இதே காரைக்கால் கரையிலிருந்தும் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்களை அடிமைகளாகக் கப்பலேற்றித் தங்கள் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள் என்பது. இன்னொன்று, அடிமை முறையை ஒழிக்க லண்டனில் பெரிய மாநாடு கூடியபோது, அதற்காகவே கடல் தாண்டி வந்திருந்த பெண்களைத் தனியாகத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள் என்பது. அவர்கள் பேசக் கூடாது, கை தூக்கக் கூடாது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் சிலர்தான் பிற்பாடு தங்கள் நாட்டில் பெண்களுக்கு ஓட்டு கேட்டு இயக்கம் தொடங்கினார்கள்.

அந்த வருடம் ஒரு மாணவி எழுந்து கேட்டாள். “அடிமைங்கள விடுதலை பண்ணத்தானே மிஸ் கூடுனாங்க? அப்ப இவங்கள மட்டும் ஏன் மிஸ் திரைக்குப் பின்னால வச்சாங்க?”

“அது தப்புன்னே அவங்களுக்குத் தோணல” என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போனேன்.

சாயங்காலம் அண்ணி என்னைப் பேசவைப்பதற்காகவே ஏதாவது கேட்பார். அன்றைக்கு, என்ன பாடம் நடத்தினாய் என்றார். சொன்னேன். மத்தி மீனைச் செதில் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

“கேட்டவொடனே ஓட்டு குடுத்துட்டானுவளா?”

“இல்லண்ணி. ரொம்பக் காலம் ஆச்சு. கேக்க ஆரம்பிச்சவங்கள்ல பல பேரு ஓட்டே போடாம செத்துப் போனாங்க.”

“கேக்குறத நிறுத்தல?”

“நிறுத்தல.”

அவர் செதிலை ஒதுக்கித் தள்ளினார். மீனைக் கழுவிக் குழம்பில் போட்டார்.

கொஞ்ச நாளில் ஏல விவகாரம் வந்தது. எங்கள் கரையில் படகுகள் வந்து ஏறியதும் அங்கேயே மீனை ஏலம் விடுவார்கள். பெண்கள் கூடிப்பேசிச் சிறு குவியல்களாக எடுத்து, அன்னக்கூடையில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாய் விற்பார்கள். அண்ணி விற்கும் ஊர் தலத்தெரு. இனிமேல் எல்லா மீனையும் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் லாரி வைத்திருக்கும் வியாபாரிகளுக்கு மொத்தமாக விடலாம் என்று பஞ்சாயத்தில் பேச்சு எழுந்தது. அதை முடிவு செய்யக் கூட்டம் போட்டார்கள்.

கூட்டம் கோயில் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில். மீன்காரப் பெண்கள் கரையிலிருந்து நேராக வந்துவிட்டார்கள். எல்லோர் இடுப்பிலும் காலி அன்னக்கூடை. அண்ணி முதலில் உள்ளே போய்ப் பாய் விரித்திருந்த இடத்தில் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தார். நானும் உட்கார்ந்தேன்.

தலைவர் எழுந்தார். “பொம்பளைங்க வெளிய இருங்க. முடிவு ஒங்களுக்குச் சொல்றோம்.”

“முடிவக் கேக்க நாங்க வரல. சொல்ல வந்துருக்கோம்” என்றார் அண்ணி.

“வரிக்காரங்கதான் பேசணும். ஒன் வூட்டுக்காரரு இருக்காருல்ல? அவரு பேசுவாரு.”

“அவரு கால் முட்டி செத்து வூட்டுல கெடக்குறாரு. கடலப் பாத்தே எத்தினி வருசம் ஆச்சு. கூடை தூக்குறது நான். சட்டசபை ஓட்டுக்கு மட்டும் எங்க வாசல்ல வந்து கும்புடுறாங்களே, அதுக்கு இந்தக் கை வேணும். மீன எங்க ஏலம் வுடுறதுன்னு சொல்ல இந்தக் கை வேணாமா?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். முடிவெடுக்காமலேயே கூட்டம் கலைந்தது.

மறுநாள் காலை படகுகள் வந்தபோது மணலில் ஒரு பெண்கூட இல்லை. லாரிக்காரர்கள் பெரிய மீனை மட்டும் பொறுக்கினார்கள். சின்னச் சங்கரா, மத்தி, காரப்பொடி எல்லாம் குவியலாகக் கிடந்து வெயிலில் வயிறு வெடித்தது. அடுத்த நாளும் அப்படித்தான். பெண்கள் வீட்டில் இருந்தார்கள். பல வீடுகளில் அடி விழுந்தது. ஒருத்திக்குப் புருவத்தில் தையல் போட்டார்கள். அண்ணி வீடு வீடாகப் போய், “இன்னும் கொஞ்சம் பொறுத்துக்குங்கடி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல் காலையில் பேருந்தைப் பிடித்தேன், சாயங்காலம் திரும்பினேன். வரும் வழியில் நாற்றத்தை வைத்து அன்றைக்கும் பெண்கள் யாரும் கரைக்குப் போகவில்லை என்று தெரிந்துகொள்வேன்.

கடைசியில் பஞ்சாயத்தார் இறங்கிவந்தார்கள். முழுதாக இல்லை. வீட்டில் ஆண் இல்லாத பெண்கள் இனி தாங்களே வரி கட்டலாம், கூட்டத்தில் உட்காரலாம், கை தூக்கலாம். புருஷன் இருக்கிறவர்களுக்கு அவர் கைதான் கை.

அதாவது, அண்ணிக்குக் கிடையாது. எனக்கு உண்டு.

அண்ணி வந்து செய்தியைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். சங்கடப்பட வேண்டியவள் நான்தான் என்று புரிந்தது. சங்கடம் வரவில்லை.

“நான் போகல அண்ணி” என்றேன்.

“போவாம? அத்தன பேரு அடி வாங்குனது எதுக்கு? போய் ஒக்காரு. ஒனக்கு ஒண்ணும் தோணலன்னா பரவால்ல. கையத் தூக்கத் தெரியும்ல?”

போனேன். ஆண்கள் கூட்டத்தில் விதவைகள் நாங்கள் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். பெரும்பாலானவர்கள் வயதானவர்கள், தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏலம் இந்தக் கரையிலேயே இருக்க வேண்டும் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைவர். தூக்கினேன். வளையல் இல்லாத அந்தக் கை யாருடையதோபோல் மேலே நின்றது. சிறு படகு வைத்திருந்த சில ஆண்களும் எங்களோடு தூக்கினார்கள். போதவில்லை. ஏலம் துறைமுகத்துக்குப் போனது.

வெளியே வந்தபோது அண்ணி கோயில் சுவரோரம் நின்றிருந்தார். தோற்றுவிட்டோம் என்றேன். “தெரியும், சத்தம் கேட்டுச்சு” என்றார். “அந்தக் கெழவிங்க கையத் தூக்குனாளுவளா?”

“எல்லாரும் தூக்கினாங்க.”

அப்போதுதான் அவர் அழுதார். தம்பி உடலைக் கொண்டுவந்தபோது அழுத மாதிரி சத்தம் போட்டு இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். நான் பக்கத்தில் நின்றேன். முதுகில் கை வைத்தேன். வேர்வையில் ரவிக்கை நனைந்திருந்தது.

இப்போது அவர் விடியற்காலையில் நாலைந்து பெண்களோடு ஆட்டோ பிடித்துத் துறைமுகம் போகிறார். லாரிக்காரர்கள் கழித்துப்போட்டதை வாங்கிக்கொண்டு தலத்தெரு போகிறார். ஆட்டோக்காரருக்குக் கொடுத்தது போகக் கையில் நிற்பது குறைவு. வாடிக்கைக்காரர்கள் மீன் முன்புபோல் இல்லை என்கிறார்களாம்.

அடுத்து வந்த ஊர்க்கூட்டம் திருவிழாவைப் பற்றியது. எல்லாம் பேசி முடித்தபின், வேறு ஏதாவது உண்டா என்று தலைவர் வழக்கத்துக்காகக் கேட்டார். நான் எழுந்துவிட்டேன். எழ வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை.

“புருஷன் இருக்கிற பொம்பளைங்களுக்கும் கை தூக்குற உரிமை வேணும்” என்றேன்.

தலைவர் திருவிழாக் கணக்கு நோட்டை மூடினார். “அடுத்த கூட்டத்துல பாப்போம் டீச்சர்” என்றார்.

அடுத்த கூட்டத்தில் கேட்டேன். அதற்கடுத்த கூட்டத்திலும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் அதே பதில்தான் வருகிறது. அண்ணியை இன்னும் சேர்க்கவில்லை. அவர் வாசல்படிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குக் கோபம் வருவதில்லை. கோபம் வந்தால் நன்றாயிருக்கும் என்றுகூடத் தோன்றுவதில்லை. வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற குரலில், கூட்டம் முடிகிற நேரத்தில் எழுந்து கேட்கிறேன், பதிலை வாங்கிக்கொண்டு உட்காருகிறேன்.

“நீ கத்துனா அவனுவ பதிலுக்குக் கத்துவானுவ” என்கிறார் அண்ணி. “இப்படிக் கேட்டா என்ன பண்றதுன்னு தெரியாம முழிக்கிறானுவ புள்ள.”

இருக்கலாம். நான் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை.