துபாய் தாமான் ராசம்மா

பேருந்து ஓட்டுநர்கள்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். தங்காக்கிலிருந்து சிகாமட் போகும் சாலையில் செம்பனைத் தோட்டம் முடிந்து, வெள்ளை மணல் கண்ணைக் கூசவைக்கும் ஒரு வளைவு வரும். அங்கே பேருந்தை நிறுத்தி, "துபாய், துபாய்!" என்று குரல் கொடுப்பார்கள். பலகையில் எழுதியிருக்கும் நீளமான பெயரை எங்களில் யாரும் சொல்வதில்லை. துபாய் தாமான், அதாவது துபாய் குடியிருப்பு, என்றால்தான் தபால்காரருக்கே தெரியும்.

முன்பு அது மணல் லம்பம். லாரி லாரியாக மணலைத் தோண்டி விற்றார்கள். தோண்டியது போதும் என்று ஆனதும் குழிகளை மூடி, சமப்படுத்தி, மலிவு வீடுகளை வரிசையாகக் கட்டிவிட்டார்கள். மேல்மண் என்ற ஒன்று அங்கே கிடையாது. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நின்ற இடம் தெரியாமல் உள்ளே இறங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் செருப்பில்லாமல் கொடித்துணியை எடுக்க முடியாது.

ராசம்மா அங்கே குடிவந்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். பெக்கோக் பக்கத்துத் தோட்டமொன்றில், கல்யாணமான புதிதில் தொடங்கிக் கடைசி நாள்வரை அவர் செய்தது ஒரே வேலை: மருந்தடிப்பது. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு, மரத்தடியில் முளைக்கும் புல்லையும் லாலாங் களையையும் கருக்கிக்கொண்டே போகவேண்டும். கையுறை கொடுத்தார்கள், அது கிழிந்தால் அடுத்தது வர மாதக்கணக்கில் ஆகும். முகத்துக்குத் துண்டைக் கட்டிக்கொண்டால் அந்தப் புழுக்கத்தில் மூச்சு முட்டும். பலர் அவிழ்த்துவிடுவார்கள், அவரும் அவிழ்த்துவிடுவார். சில காலைகளில் மூக்கிலிருந்து ரத்தம் வரும். கைநகங்கள் பழுத்து ஒவ்வொன்றாக விழுந்து, கோணலாக மறுபடி முளைத்தன. தோட்டம் கைமாறியபோது அவருக்கும் கணவர் ஐயாசாமிக்கும் இந்த மணலில் ஒரு வீடு கிடைத்தது.

மற்றவர்கள் வந்த அன்றே தலையில் கைவைத்துக்கொண்டார்கள். ராசம்மா மட்டும் வாசலில் நின்று அந்த வெறும் மணலை வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு புல்லுகூட இல்லைங்க" என்றார் கணவரிடம்.

"அதத்தானே எல்லாரும் சொல்லி அழுவுறாங்க."

"நல்லதாப் போச்சு. இங்க யாரும் மருந்தடிக்கச் சொல்ல மாட்டாங்க."

ஓராண்டு அப்படித்தான் போனது. ஐயாசாமி தங்காக்கில் ஒரு துணிக்கடையில் காவல் வேலைக்குப் போனார். ராசம்மா வீட்டில் இருந்தார். பச்சை என்று எதையும் நட அவருக்குத் தோன்றவில்லை. பிறகு ஒருநாள், பாத்திரம் கழுவும் தண்ணீர் வழியும் பின்பக்கக் கால்வாய் ஓரத்தில், அழுகிப்போயிற்று என்று வீசியெறிந்த சக்கரவள்ளிக் கிழங்கு ஒன்று துளிர்த்திருந்தது. அவர் அதைப் பிடுங்கவும் இல்லை, தண்ணீர் ஊற்றவும் இல்லை. தினமும் போய்ப் பார்த்தார். கொடி தண்ணீர் இருக்கும் பக்கமாகவே ஓடியது. வெயில் கடுமையான ஒரு வாரம் அது வாடியபோது, சோற்றுக்கஞ்சியைக் கொண்டுபோய் அதன் வேரில் ஊற்றினார். அன்றைக்கு ஆரம்பித்தது.

மணலில் தண்ணீரை நிறுத்துவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தப்புத்தப்பாகச் செய்துதான் கற்றுக்கொண்டார். கோழிச்சாணத்தை மேலே தூவினார். ஒரு மழையில் அத்தனையும் கால்வாய்க்குப் போயிற்று. ஆழமாகப் புதைத்தார், வேர் எட்டவில்லை. ஐயாசாமி வேலைசெய்த கடையில் துணி வரும் அட்டைப்பெட்டிகள் குவிந்து கிடக்கும். அவற்றைக் கணவர் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். குழி தோண்டி, அடியில் அட்டையைப் பரப்பி, அதன்மேல் செம்பனை ஆலையில் எண்ணெய் எடுத்தபின் தூக்கிப்போடும் காலிக் குலைகளை அடுக்கி, சாணமும் சமையலறைக் குப்பையும் போட்டு மூடினார்கள். சில மாதம் கழித்துத் தோண்டினால் கறுப்பாக, ஈரமாக ஏதோ ஒன்று கையில் வந்தது. மண் என்று சொல்லலாம். மரவள்ளி வந்தது, கங்கோங் கீரை வந்தது, வெண்டை வந்தது.

"இதுக்கு இவ்ளோ பாடு படணுமா? பசார்ல வாங்கினாப் போச்சு" என்று பக்கத்து வீட்டுப் பிரேமலா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொல்வாள். அவள் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தவள். சாண நாற்றம் தாங்கவில்லை என்று குடியிருப்போர் சங்கத்தில் ராசம்மாமேல் புகார் கொடுத்ததும் அவள்தான்.

அதே பிரேமலாதான் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் முதலில் வந்து நின்றாள். காய்கறி லாரி தாமானுக்கு வருவது நின்றிருந்தது. அவளுடைய தொழிற்சாலையும் மூடிக்கிடந்தது.

"அக்கா, கொஞ்சம் கீரை கெடைக்குமா?"

ராசம்மா பறித்துக் கொடுத்தார். மறுநாளும் கொடுத்தார். அடுத்த நாள், "அந்த மரவள்ளித் தண்ட ஒடிச்சு எடுத்துக்க. உன் வீட்டுப் பின்னால குழி வெட்டு, நான் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து சொல்றேன்" என்றார்.

அப்படி வேலியோரமாக நடந்த பாடம், கட்டுப்பாடு தளர்ந்ததும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பாயிற்று. தாமானின் கடைசியில் கால்பந்துத் திடலுக்கென்று விட்டிருந்த, யாரும் விளையாடாத மணல்வெளியைச் சங்கம் கேட்டு வாங்கித் தந்தது. ஆளுக்கொரு பாத்தி. முதல் மாதங்களில் நிற்க இடமில்லாமல் வந்தார்கள். மலாய்க்காரப் பெண்கள் சிலரும் வந்தார்கள். ராசம்மாவுக்கு மேடைப்பேச்சு வராது. மண்வெட்டியை எடுத்துக் குழி வெட்டுவார், வெட்டிக்கொண்டே பேசுவார்.

"தண்ணிய மேல ஊத்தாதீங்க, மணல் குடிச்சிடும். அட்டைக்குப் பக்கத்துல ஊத்துங்க. அட்டை புடிச்சு வெச்சுக்கிட்டு மெதுவாக் கொடுக்கும். வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிடணும் லா, அப்புறம் நீங்களே வாடிருவீங்க."

பிறகு தொழிற்சாலைகள் திறந்தன. காய்கறி லாரி மறுபடி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்டைம் இருந்தது, கல்யாணம் இருந்தது, தூக்கம் இருந்தது. பாத்திகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. வராதவர்களின் பாத்திக்கும் ராசம்மாவே தண்ணீர் ஊற்றினார். விட்டால் அந்தக் கறுப்பு மண் மறுபடி மணலாகிவிடும் என்ற பயம் அவருக்கு. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. ஐயாசாமிக்கு முழங்கால் வீங்கியிருந்தது. அவரால் வாளி தூக்க முடியாது.

"விட்டுடேன், ராசம்மா. யாருக்காகச் செய்யிற?"

"தெரியலைங்க. நிறுத்தினா எல்லாம் கீழ போயிடுமே."

ஒரு மார்ச் மாதம் நாள்கணக்காக மழை கொட்டியது. தாமானுக்குள் வெள்ளம் வரவில்லை. ஆனால் திடலிலிருந்த பாத்திகள் கரைந்து ஓடின. ஆண்டுக்கணக்கில் சேர்த்த மண் கால்வாயில் கறுப்பாகப் போவதை ராசம்மா குடையோடு நின்று பார்த்தார். மழை விட்டதும் மறுபடி அட்டை, மறுபடி குலை, மறுபடி சாணம். அந்தமுறை கூட வந்தவர்கள் இரண்டுபேர்தான்: பிரேமலா, பிறகு சின்னத்தம்பி. சின்னத்தம்பி லாரி ஓட்டி ஓய்ந்தவர், தனி ஆள். கேட்காமலேயே ஆலையிலிருந்து குலைகளை ஏற்றிக்கொண்டு வந்து கொட்டுவார். பேச்சு குறைவு.

அந்த வேலையோடுதான் ராசம்மாவின் மூச்சு கெட்டது. குனிந்தால் நிமிர முடியவில்லை. இரண்டு வாளி தூக்கினால் நெஞ்சு விசிலடித்தது. ஆஸ்பத்திரியில் படமெடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலில் பழைய தழும்புகள் இருப்பதாகச் சொன்னார்கள். என்ன வேலை செய்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார்.

"தோட்டத்துல மருந்தடிச்சேன்."

"எத்தன வருஷம்?"

"வேலைக்குச் சேந்ததுலேருந்து."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். வார்டில் படுக்கவைத்தார்கள். நாள்கள் நீண்டுகொண்டே போயின.

அவர் இல்லாத நாள்களில் பாத்திகளைச் சுற்றிப் புல் முளைத்தது. சாணத்தோடு வந்த விதைகள். லாலாங்கும் கூட வந்திருந்தது. ஒரு காலத்தில் எதுவுமே முளைக்காத மணல் அது. சின்னத்தம்பி கையால் பிடுங்கிப் பார்த்தார், இடுப்பு ஒத்துழைக்கவில்லை. அக்கா திரும்பி வரும்போது இடம் சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்தார். தங்காக் போய்ப் புல் மருந்து வாங்கினார். நண்பரிடம் ஒரு பம்பு இரவல் வாங்கினார். காற்றடித்த ஒரு பகலில் திடல் முழுக்க அடித்தார்.

ராசம்மா வீடு வந்த மறுநாள் காலை, ஐயாசாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு திடலுக்குப் போனார். சுற்றியிருந்த புல் பழுத்துச் சாய்ந்திருந்தது. பாத்திகளிலும் ஓரங்களில் வெண்டை இலைகள் சுருண்டிருந்தன. கீரை நடுநரம்பிலிருந்து மஞ்சளடித்திருந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் நோய் என்றோ வெயில் என்றோ நினைத்திருப்பார்கள். ராசம்மா ஓர் இலையைத் தொட்டுப் பார்க்கவுமில்லை.

"யாரு அடிச்சது?"

சின்னத்தம்பி கொஞ்சதூரத்தில் நின்றிருந்தார். அவர் முகத்தில் இன்னும் பாராட்டை எதிர்பார்க்கும் களை இருந்தது.

"நான்தான்கா. புல்லு மண்டிப் போச்சு. நீங்க வந்து இதையும் புடுங்கணுமான்னுதான்."

ஐயாசாமி வாயைத் திறந்தார். ராசம்மா அவர் கையை அழுத்தினார்.

"எப்போ?"

"போன வாரம்."

"அதுக்கப்புறம் யாராச்சும் கீரை பறிச்சாங்களா?"

சின்னத்தம்பிக்கு அப்போதுதான் விளங்கியது. "அலமாக்" என்றார், சத்தமே இல்லாமல். பிரேமலா வீடு வீடாக ஓடினாள். இரண்டு வீட்டில் பறித்திருந்தார்கள். ஒரு வீட்டில் சமைத்துச் சாப்பிட்டும் விட்டார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ராசம்மா சின்னத்தம்பியைப் பக்கத்தில் வரச் சொன்னார். திட்டப்போகிறார் என்று அதற்குள் கூடிவிட்ட நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

"கைய நீட்டு, தம்பி."

நீட்டினார். ராசம்மா விரல்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார்.

"கையுறை போட்டியா?"

"இல்லக்கா."

"வாய மூடிக்கிட்டியா?"

"காத்து அடிச்சிச்சு, ஆனா கொஞ்சநேர வேலைதானே..."

"போட்டிருந்த சட்டைய என்ன பண்ணின?"

"தொங்குது."

"அதைத் தனியாத் துவை. மத்த துணியோட போடாத. முதுகுல பம்பு ஒழுகிச்சா? அரிக்குதா? அரிச்சா கிளினிக்குக்குப் போ, நாளைக்குப் பாக்கலாம்னு இருக்காத." மூச்சு வாங்க ஒருமுறை நிறுத்தினார். "நானும் கொஞ்சநேர வேலைன்னுதான் நெனைச்சேன்."

சின்னத்தம்பி அழுதார். ராசம்மாவுக்கு அழக்கூடத் தெம்பில்லை. வேலியோரம் கிடந்த ஒரு காலிக் குலைமேல் உட்கார்ந்துகொண்டார்.

பாத்திகளிலிருந்த செடிகளையெல்லாம் பிடுங்கி மூட்டை கட்ட வேண்டியிருந்தது. மேல்மண்ணையும் வழித்து எடுத்துவிடச் சொன்னார். அந்த மழைக்குப் பிறகு சேர்த்த அத்தனையும். வழித்ததும் அடியிலிருந்து வெள்ளை மணல் எட்டிப்பார்த்தது. அன்று மாலை வீட்டில் ஐயாசாமி தேநீர் போட்டுக் கொடுத்தார்.

"போதுங்க" என்றார் ராசம்மா.

"சீனியா?"

"இல்ல. இந்த வேலை. எனக்குப் போதும்."

எத்தனையோ வருஷமாக அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டவர் ஐயாசாமி. "சரி, படுத்துக்க" என்றார்.

அடுத்த ஞாயிறு ராசம்மா திடலுக்குப் போகவில்லை. சன்னலோரம் படுத்திருந்தார். மண்வெட்டிச் சத்தம் கேட்டது. பிரேமலாவின் குரலும் கேட்டது; யாருக்கோ குழி வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதிகம் பேர் இல்லை, நாலைந்து குரல்கள். பிரேமலா சொன்ன ஆழம் தப்பு. அந்த ஆழத்தில் வைத்தால் மரவள்ளி நிற்கும், கீரை வேர் எட்டாது. ராசம்மா எழுந்து உட்கார்ந்தார். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கூப்பிட மூச்சு போதாது. மறுபடி படுத்துக்கொண்டார். ஒரு மழையில் அவர்களுக்கே தெரிந்துவிடும்.

இப்போது வகுப்பு வாரம் தவறாமல் நடப்பதில்லை. பிரேமலாவுக்கு ஷிப்ட் இல்லாத ஞாயிறுகளில் நடக்கிறது. பாதித் திடல் மறுபடி வெறும் மணலாகிவிட்டது. மீதியில் மரவள்ளியும் பயறும் நிற்கின்றன, கீரை சில இடங்களில் மட்டும். சின்னத்தம்பி ஒரு சிறு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, புல்லைக் கையால் பிடுங்குகிறார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுவார், ஆனாலும் நிறுத்துவதில்லை. ராசம்மா உடம்பு முடிகிற நாள்களில் ஐயாசாமியோடு வந்து நாற்காலியில் உட்காருகிறார். கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் சொல்வதில்லை.

போன மாதம் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் அவரிடம் வந்து, "ஆன்ட்டி, இந்த மணல்ல உண்மையாவே எதுவும் வருமா?" என்று கேட்டாள்.

ராசம்மா மூச்சை நிதானப்படுத்திக்கொண்டார்.

"வரும்மா. ஆனா ரொம்ப அலுத்துப் போவும்" என்றார். "வீட்டுல அட்டைப்பெட்டி இருந்தா நனைச்சு எடுத்துட்டு வா."