இலைக் குவியலுக்குள் ஒரு பெட்டி

எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டிய இடத்தில் நான் வந்து நிற்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள் நான். நாலு பேர் கூடியிருந்தால் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். பனிமலையைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இன்னும் குறைவு. நாற்பத்து மூன்று வயதாகியும் ஒரு மலையில் கால் வைத்ததில்லை. ஆனால் போன கிழமை என் மகள், சிநேகிதிகளோடு பனிச்சறுக்குக்குப் போகிறேன் என்று சொல்லி, சரிந்த பனிக்குள் புதைந்தவரைத் தேடுகிற கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்து மேசையில் வைத்தாள். “எனக்கு இது தெரியும்” என்றேன். அவள் சிரித்தாள். அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. லண்டனில் செவன் கிங்ஸில் இருந்தோம். அம்மாவின் தம்பி சுவிஸில், மலைக்கு நடுவே இருந்த ஓட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை செய்தார். சுவிஸ் பாஸ்போர்ட் கிடைத்த வருடம் அதை எடுத்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்காவும் தம்பியும் பதின்மூன்று வருடங்களுக்குப் பிறகு சந்தித்தார்கள். முதல் இரண்டு நாளும் அம்மா அவருக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் மாமாவின் பெட்டியிலிருந்து ஒரு படம் விழுந்தது.

படத்தில் சுற்றிலும் வெள்ளை. நடுவில் மாமா, முதுகில் பையும் காலில் நீளப் பலகைகளுமாகச் சிரித்துக்கொண்டு நின்றார். பலகையின் அடியில் உரோமப் பட்டி ஒட்டினால் அது பின்னுக்கு வழுக்காது. அப்படியே நடந்து மலை ஏறி, உச்சியில் பட்டியைக் கழற்றிவிட்டுச் சறுக்கி இறங்குவதுதான் அந்த விளையாட்டு. ஓட்டல் சமையல்காரர்களோடு இரண்டு குளிர்காலமாகப் போகிறாராம். தை மாதம் நாலு நாள் பெரிய பயணம் ஒன்று இருக்கிறதாம்.

“கம்பியிலை தொங்கிப் போற பெட்டி இருக்கெல்லே மச்சான்? நீ ஏன் நடந்து ஏறுறாய்?” என்று அப்பா கேட்டார்.

“அது போகாத இடத்துக்குத்தான் அத்தான் நாங்கள் போறது.”

அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. பாதை இல்லாத இடம், பனி சரிகிற இடம். மிஞ்சியிருக்கிற ஒரே தம்பி. “நீ போகேலாது” என்றார். மாமா போவேன் என்றார். சின்ன வயதிலேயே ஒருவர் சொல்லும் கேளாதவன், பிழையை ஒருநாளும் ஒப்புக்கொள்ளாதவன் என்று அம்மா அவரைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்று முழுக்கக் குசினியில் அம்மா வெங்காயம் வெட்டாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா தன் பையிலிருந்து மூன்று சின்னப் பெட்டிகளை எடுத்தார். அக்காவுக்குக் காட்டுவதற்கென்றே இரண்டை இரவல் வாங்கி, தன்னுடையதோடு கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றையும் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். நடக்கும்போது எல்லோருடைய பெட்டியும் சத்தமில்லாமல் சைகை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் புதைந்துவிட்டால், மற்றவர்கள் தங்கள் பெட்டியின் விசையைக் கேட்கிற பக்கம் திருப்ப வேண்டும். கிட்டப் போகப் போக ‘பீப், பீப்’ என்ற சத்தம் கூடும்.

“ஆளைக் கால் மணித்தியாலத்துக்குள்ளை வெளியிலை எடுத்துப்போட்டா அநேகமாத் தப்பலாம் அக்கா.”

“சரி” என்றார் அம்மா. “பெட்டியை நான் ஒளிக்கிறன். கால் மணித்தியாலத்துக்குள்ளை எடுத்தியெண்டா போ. எடுக்காட்டி இந்தக் கதையை விடவேணும்.”

அம்மா முதலில் பார்த்தது எங்கள் கராஜில் இருந்த மீன் ஃபிரீசரை. லண்டனில் பனிக்கு மிக அண்மையில் இருந்த பொருள் அதுதான். இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் சைகை வெளியே வராது என்று மாமா சொன்னதால் எல்லோரும் பூங்காவுக்குப் போனோம். கார்த்திகை மாதம். கவுன்சில்காரர்கள் இலைகளைக் கூட்டி இருபது, இருபத்தைந்து குவியலாக விட்டிருந்தார்கள். எங்களை வேறு பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு அம்மா போய் ஒளித்துவிட்டு வந்தார். மாமா எனக்கும் ஒரு பெட்டி தந்தார். “மருமகள், நீயும் தேடு. கேட்கிற பக்கம் திருப்பு” என்றார்.

நான் திருப்பவில்லை. குளிருக்குக் கை வைப்பதுபோல் கோட்டுப் பைக்குள் அதை வைத்து, அனுப்புகிற பக்கத்திலேயே விட்டேன். மாமா தோற்றால் மலைக்குப் போக மாட்டார், போகாவிட்டால் சாக மாட்டார். அவ்வளவுதான் என் கணக்கு. அம்மாவுக்குப் பெரிய உதவி செய்வதாக நினைத்தேன்.

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து “போ!” என்றார்.

மாமா பெட்டியைக் காதருகே பிடித்துக்கொண்டு நடந்தார். நான் அவருக்கு நாலடி தள்ளி நடந்தேன். அவருடைய பெட்டி உடனே கத்தத் தொடங்கியது. பக்கத்துக் குவியலைக் கையால் கிண்டினார், ஒன்றும் இல்லை. நான் அடுத்த குவியலுக்குப் போனேன். சத்தமும் போனது. “ரெண்டு சத்தம் கேக்குதே, பெட்டி பழுதோ?” என்று மாமா முணுமுணுத்தார். நாயோடு வந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் நின்று, என்ன தொலைத்தீர்கள் என்று கேட்டார். அப்பா தன் ஆங்கிலத்தில் “ஸ்நோ பிராக்டிஸ்” என்றார். கிழவர் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகாமல் நின்றுகொண்டார்.

“பத்து நிமிசம்.”

மாமாவின் நெற்றி வியர்த்திருந்தது. முழங்கால் வரை சேறு. நான் அம்மாவைப் பார்த்தேன். வெல்லப்போகிறவருடைய முகமாக அது இல்லை. அவர் கண் வேலியோரத்துக் குவியல் ஒன்றுக்குப் போய்ப் போய் வந்தது.

“பன்ரெண்டு.”

“டேய், அங்கை ஏனடா கிண்டுறாய்?” என்றார் அம்மா.

“அக்கா, நீங்கள் சொல்லப்படாது.”

அப்பா பதினாலு என்று சொல்லி முடிக்கவில்லை, அம்மா ஓடினார். கோட்டுக்குக் கீழே சேலை, காலில் செருப்பும் சொக்ஸும். வேலியோரத்தில் முழங்காலில் விழுந்து இரண்டு கையாலும் இலைகளை வாரி எறிந்தார். “இஞ்சை கிடக்கடா, இஞ்சை வா, கெதியா வா!” பெட்டியை எடுத்து, அதில் ஒட்டியிருந்த சேற்றை ஒரு முகத்தைத் துடைப்பதுபோல் கோட்டுக் கையால் துடைத்தார்.

“ஒளிச்ச ஆளே எடுத்தா இதை ஆரின்ரை வெற்றியெண்டு சொல்லுறது?” என்று அப்பா கேட்டார்.

மாமா அம்மாவின் கையிலிருந்த பெட்டியை நிறுத்தினார். அவருடையது இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அதைப் பிடித்தபடியே மெல்ல என்னிடம் வந்து கையை நீட்டினார். நான் பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதில் சின்னச் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“பிள்ளையிலை பிழை இல்லை அக்கா” என்றார் மாமா. “தேட வெளிக்கிட முதல் எல்லாற்றை பெட்டியும் கேட்கிற பக்கம் இருக்கோ எண்டு நான் பாத்திருக்கவேணும். பாக்கேல்லை. மலையிலையெண்டா ஒரு உயிர் போயிருக்கும். நீங்கள் சொன்னது சரி. நான் போகமாட்டன்.”

அம்மா அவரை நெடுநேரம் பார்த்தார். பிறகு கையிலிருந்த பெட்டியை ஆட்டிக் காட்டி, “திரும்பி நில்” என்றார். “இன்னொருக்காத் தேடு. முதல் இவளின்ரையைப் பார்.”

நாலு முறை தேட வைத்தார். ஒவ்வொரு முறையும் மாமா என் பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினார். கடைசி முறை ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கிழவர் கைதட்டினார். வீட்டுக்கு நடக்கும் வழியில் அம்மா கேட்டுக்கொண்டே வந்தார்.

“எத்தினை மணிக்கு வெளிக்கிடுவியள்?”

“விடிய முதல். வெயில் ஏறினாப் பனி இளகும்.”

“ஒருத்தனுக்குப் பயமெண்டா?”

“ஒருத்தன் வேண்டாமெண்டாலும் எல்லாரும் திரும்பிறது. அது எங்கடை சட்டம்.”

“சரி. போன் இருக்கிற இடத்துக்கு வந்தோடனை எனக்கு எடுக்கவேணும்.”

இவ்வளவுதான் அம்மா கொடுத்த அனுமதி. பெட்டி நன்றாக வேலை செய்ததால்தான் அவர் மனம் மாறினார் என்று நான் பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். பெட்டியை அவர் அன்று பெரிதாகக் கவனிக்கவேயில்லை என்பது, நான் ஒரு பிள்ளையை வெளியே அனுப்புகிற வயதுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அவர் பார்த்தது தம்பியை.

தை மாதம் மாமா மலைக்குப் போனார். இரண்டாம் நாள் பின்னேரம் மலைக் குடில் ஒன்றிலிருந்து போன் வந்தது. முந்தின இரவு அடித்த காற்று ஒரு சரிவில் புதுப் பனியைக் குவித்துவிட்டதாம். கால் வைத்ததும் அடியில் ‘தும்’ என்று ஒரு சத்தம் கேட்டதாம், பனி சரியக்கூடும் என்பதற்கு அது அடையாளமாம். தான்தான் முதலில் வேண்டாம் என்றாராம். எல்லோரும் திரும்பிவிட்டார்களாம். “இதுக்கோ இவ்வளவு பாடு!” என்று அப்பா சிரித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. மாமா உச்சிக்கு ஏறப்போகிறார் என்று வகுப்பில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். இனி என்ன சொல்வது? அம்மா போனை வைத்துவிட்டு, நான் அதற்கு முன் கேட்டிராத ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அடுப்பை மூட்டினார். தம்பி பாதியில் பயந்து திரும்பியதற்கு இவர் ஏன் இவ்வளவு சந்தோசப்படுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் மலையில் நல்ல வெயிலாம். அந்தச் சரிவு சரியவில்லை. வேறு நாலு பேர் அதில் ஏறிச் சறுக்கி இறங்கினார்கள். மாமா ஓட்டலுக்குத் திரும்பிப்போய் உருளைக்கிழங்கு உரித்தார்.