ஏலக்காய் மெல்லுவீங்களா?

"செல்வி, சக்‌ஷன் அடைக்குது. உறிஞ்சுற குழாயப் பாரு" என்றார் டாக்டர். திரையில் குடல் சுவரெங்கும் கருப்புக் கருப்பாக ஒட்டியிருந்தது. தண்ணீர் அடித்தோம். போகவில்லை. "இதுல கட்டி இருந்தாலும் தெரியாது. நிறுத்திருவோம். இன்னொரு நாள் வரட்டும்."

போடியில் ஓர் ஆஸ்பத்திரியின் எண்டோஸ்கோப்பி அறையில் நான் உதவியாளர். பத்தாவது வரை படித்தவள். கேமரா வைத்த ஸ்கோப் குழாயைக் கழுவுவதும் எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. நோயாளிகளிடம் பேசுவது நர்ஸின் வேலை. எனக்கும் அதுதான் வசதி.

அன்று படுத்திருந்தவர் சிலமலை பாண்டியம்மா. நாற்பது தாண்டியவர். ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிறார். அவருடைய அப்பாவும் அண்ணனும் ஐம்பதைத் தொடாமல் குடல் புற்றுநோயில் போனவர்கள். அதற்குக் காரணமான மரபணுக் கோளாறு இவருக்கும் இருப்பதாக மதுரையில் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். வலி எதுவும் இல்லை. நோய் வருவதற்கு முன்பே பார்த்துவிடத்தான் பெருங்குடலுக்குள் ஸ்கோப்பை விடும் இந்தக் கொலோனோஸ்கோப்பி.

மயக்கம் தெளிந்ததும், "சுத்தமாகல, இன்னொரு நாள் வாங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார். நான் மட்டும் பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, இனி நான் வரமாட்டேன்" என்றார் பாண்டியம்மா.

"ஏன்?"

"எங்கப்பாவுக்கும் இப்படித்தான். வயித்தத் தொறந்து பாத்துட்டு, ஒண்ணும் முடியாதுன்னு மூடிட்டாக. எனக்கும் பாதியில நிறுத்திட்டாக. முத்திப்போச்சுன்னு சொல்ல மனசில்ல. அம்புட்டுத்தானே?"

நர்ஸைத் தேடினேன். உள்ளே போய்விட்டிருந்தார். குழாயிலிருந்து எடுத்ததைத் தட்டில் அலசி வைத்திருந்தேன். அதைக் கொண்டுவந்து நீட்டினேன்.

"இதுதான் மறைச்சுச்சு."

குனிந்து பார்த்தார். "ஏலக்காய் வெதையில்ல?"

"நேத்து மென்னீங்களா?"

"சோறு திங்கக்கூடாதுன்னாக, திங்கல. குடல் கழுவக் குடுத்த அந்த மருந்துத் தண்ணி கொமட்டுச்சு. ரெண்டு காய வாயில போட்டேன். ரெண்டென்ன, இருவது இருக்கும். நாங்க எந்நேரமும் மென்னுக்கிட்டேதான் சோலி பாப்போம். அதப் போயி தீனின்னு யாரு நெனைப்பா?"

"உள்ள நோவு இருக்குன்னு நிறுத்தல. உள்ள தெரியலன்னுதான் நிறுத்துனாக. டாக்டர் சொன்னத நான் கேட்டேன். அடுத்த வாரம் வாங்க. நான் கூடவே நிக்கிறேன்."

எந்த நோயாளியிடமும் நான் அவ்வளவு பேசியதில்லை. அவர் தட்டை மறுபடி பார்த்தார். "நல்லா வெளஞ்ச காயி. மொதத் தரத்தத் தின்னேன்னு மொதலாளி வைவாரு." சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மறுவாரம் வந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, அதிலிருந்த ஏலக்காய்களை என் கையில் கொட்டினார். "மூணு நாளாத் தொடல. நீயே வச்சுக்கக்கா."

திரை பளிச்சென்று இருந்தது. ஒரு மடிப்புக்குப் பின்னால் மிளகளவு சதை முளைப்பு, பாலிப். டாக்டர் கம்பிச் சுருக்கைப் போட்டு எடுத்தார். புற்றாக மாறவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. தவறாமல் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள்.

என்னென்ன சாப்பிடக்கூடாது என்று நோயாளிகளுக்குக் கொடுக்கும் தாளில் கொய்யா, தக்காளி விதை எல்லாம் அச்சடித்திருக்கும். ஏலக்காய் இருக்காது. டாக்டரிடம் கேட்டுவிட்டு அதை நானே பேனாவால் எழுதிவிடுகிறேன். "ஏலக்காய் மெல்லுவீங்களா?" என்று வாயாலும் கேட்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நோயாளி பக்கத்தில் நிற்பது நீங்கள் என்றால், தெரிந்ததைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

போன மாதம் பாண்டியம்மா தன் தம்பியைக் கூட்டிவந்தார். பரிசோதனையே வேண்டாம் என்று இத்தனை நாள் ஒளிந்து திரிந்தவர். நான் தாளை எடுப்பதற்குள் பாண்டியம்மா முந்திக்கொண்டார்.

"சட்டப் பையெல்லாம் தடவிப் பாத்துட்டேன்க்கா. வாய மட்டும் நீ தொறக்கச் சொல்லு."